மூன்றா, ஆறா?

கேள்வி: மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். மதிப்பெண்ணும் இல்லை, ரேங்க்கும் இல்லை. எல்லாப் பாடத்துக்கும் ‘அடைவு நிலை 3’ என்று வருகிறது. ஆறுக்கு மூன்று என்றால் பாதிதானே? படிக்கிறானா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?
– ஒரு தாயார், ஜெலுத்தோங்

பதில்: பாதி என்று கணக்குப் போட்டு அவனுக்குப் பாதிச் சோறு போட்டுவிடாதீர்கள் அம்மா! வகுப்புசார் மதிப்பீட்டில் 3 என்றால், பிள்ளை பாடத்தை அறிந்து, புரிந்து, செய்தும் காட்டுகிறான் என்று பொருள். அதுதான் எதிர்பார்க்கப்படும் குறைந்தபட்ச நிலை. 1, 2 என்று வந்தால்தான் உடனே கவனிக்க வேண்டும்.

ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டதிலிருந்து, எத்தனை ‘ஏ’ என்று கேட்டே பழகிய நமக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. எண்ணை விடுங்கள், அவன் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். சிவப்பு மையில் வட்டமிட்ட பிழைக்குக் கீழே பிழைத்திருத்தம் எழுதியிருக்கிறானா? போன மாதம் தவறிய ‘ல, ள, ழ’ இந்த மாதமும் தவறுகிறதா? அந்தப் பக்கங்கள் சொல்வதை எந்த அறிக்கையும் சொல்லாது.

“இன்று என்ன படித்தாய்?” என்றால் “ஒன்னும் இல்ல” என்பான். “கணக்கில் எது கஷ்டமாக இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள், வாய் திறப்பான். ஆசிரியரிடமும் இதே கேள்விதான்: “எதில் தடுமாறுகிறான், வீட்டில் நான் என்ன செய்யட்டும்?” இதை வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் முன்னால் கேட்காதீர்கள். நேரம் கேட்டு, நேரில் போங்கள், அப்பாவையும் அழைத்துக்கொண்டு.