தட்டுதல் சாஸ்திரம்: ஒரு சிறு விசாரணை

வெல்லும் உபாயங்களைப் பற்றி வண்டி வண்டியாய் எழுதிக் குவித்த போர்க்கலை ஆசிரியர்கள், ஒழுங்காகத் தோற்பது எப்படி என்ற அதிமுக்கியமான விஷயத்தை அலட்சியம் செய்துவிட்டபடியால், அக்குறையைப் போக்கும் பொருட்டு, பிரேசிலிய ஜியு-ஜிட்சுப் பள்ளிகளில் அன்றாடம் நிகழும் ‘தட்டுதல்’ என்னும் சடங்கை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

முதலில் லட்சணம். பிடியில் அகப்பட்டவர், பிடித்தவர் உடம்பிலோ தரைவிரிப்பிலோ இரண்டு மூன்று முறை உள்ளங்கையால் தட்டினால், தட்டின மாத்திரத்தில் பிடி தளர வேண்டும். கையிரண்டும் கட்டுண்டவர் காலால் தட்டலாம். காலும் கட்டுண்டவர் வாயால் சொல்லலாம். கழுத்து இறுகி வாயும் அடைபட்டவரைத் தாமே கவனித்து விடுவிப்பது பிடித்தவருடைய தர்மம்.

அடுத்தது சரித்திரம். 1882-இல் டோக்கியோவில் ஜிகோரோ கானோ நிறுவிய கொடோகன் ஜூடோப் பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா, 1914-இல் பிரேசில் சேர்ந்து, பெலெம் நகரில் கார்லோஸ் கிரேசிக்கு இவ்வித்தையைப் போதிக்க, கார்லோஸ் பிற்பாடு ரியோ டி ஜெனீரோவில் பள்ளி திறந்தார். அவருடைய தம்பி எலியோவோ, 1951-இல் மரக்கானா அரங்கில் ஜூடோ வீரர் மசஹிகோ கிமுராவின் பிடியில் கை முறுகியும் தட்ட மாட்டேனென்று பிடிவாதம் பிடிக்க, தமையனாரே தம்பிக்காகத் தோல்வியை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அந்தப் பிடி இன்றளவும் ‘கிமுரா’ என்றே வழங்குவதால், ஒரு தட்டை மிச்சம் பிடிப்பவர் எதிராளியின் பெயரைச் சிரஞ்சீவியாக்குகிறார் என்பது பெறப்படும்.

தட்டுவோர் மூவகையினர். பிடி தொடுமுன்பே தட்டுபவர் பீதர். முழங்கை முறுக்கேறிய பின் தட்டுபவர் மானி. பிடி பூர்த்தியாயிற்றென்று அறிந்த கணத்தில் தட்டிவிட்டு, கைகொட்டி முஷ்டி தொட்டு மறுபடியும் உட்காருபவர் ஞானி. முதல்நாள் வந்த வெள்ளை பெல்ட்காரர் பெரும்பாலும் முதல் வகை. ரியோவின் நல்ல பள்ளியொன்றில், அவர் பெல்ட்டை முடிச்சிடத் தெரியாமல் விழிக்கையில், ஊதா பெல்ட் அணிந்த ஒருவர் முழந்தாளிட்டுக் கட்டிவிடுவார். பிறகு அவரையே கீழே கிடத்தி, பிடியை அங்குலம் அங்குலமாக இறுக்கி, அவர் தட்டியதும் விட்டு, “எங்கே அகப்பட்டாய், பார்” என்று முதலிலிருந்து காட்டுவார். உபசாரம் எனப்படுவது இதுவே.

‘இவ்வளவு சுலபமாகச் சரணடைந்தால் வீரம் எங்கே?’ என்பது பூர்வபட்சம். விடுதலை நிச்சயம் என்பதனாலேயே இருவரும் முழு பலத்தோடு மோத முடிகிறது. முழு பலத்தோடு மோதியும் மறுநாள் வேலைக்குப் போக முடிகிறது என்பது சமாதானம். அன்றியும், கறுப்பு பெல்ட் பெறச் சாதாரணமாகப் பத்து வருஷமாகும். வருஷத்துக்கு 150 நாள், நாளுக்கு நான்கு தட்டு எனச் சிக்கனமாகக் கணக்கிட்டாலும் 6,000 தட்டுகளாகின்றன. ஆகவே கறுப்பு பெல்ட் என்பது ஆறாயிரம் தோல்விகளுக்கு வழங்கப்படும் பட்டம் என்று கொள்வதில் தடையில்லை.

இனி சித்தாந்தம். சேரத் தகுந்த பள்ளி எதுவென அறிய விரும்புவோர், சுவரிலுள்ள பதக்கங்களையும் வாசலில் கிடைக்கும் புன்னகையையும் பிரமாணமாகக் கொள்ள வேண்டாம். அங்குள்ள மூத்தவர் இளையவர் ஒருவரிடம் அகப்படும் தருணத்துக்காகக் காத்திருக்க வேண்டும்: உடனே தட்டி, “அதை இன்னொரு தரம் செய், பார்க்கலாம்” என்பாராயின் அன்றே சந்தா கட்டிவிடலாம், கடிகாரத்தைப் பார்த்து, பழைய தோள்வலியை நினைவுகூர்வாராயின் செருப்பைத் தேடுவது உத்தமம்.