விடிந்தால் தெரியும்

விக்கிரமசிங்கபுரத்தில் நீர்மட்டம் பார்க்காமல் யாருக்கும் பொழுது விடிவதில்லை. மேலே பாபநாசம் அணை, முழு உயரம் 143 அடி. அதற்குப் பக்கத்தில் சேர்வலாறு, 156 அடி. கொஞ்சம் தள்ளி மணிமுத்தாறு, 118 அடி. டீக்கடையில் பேப்பரை விரித்தால் கொலை, கொள்ளை, தேர்தல் எல்லாம் அப்புறம்தான். முதலில் எத்தனை அடி, எத்தனை கன அடி வரத்து, எத்தனை கன அடி திறப்பு. பிள்ளை பிறந்த பிறகு இந்தப் பழக்கம் எனக்கு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. விடிந்ததும் மகனுடைய டயப்பரைத் தொட்டுப் பார்த்து, அடுப்படியில் நிற்கும் மனைவிக்கு நிலவரம் சொல்வது என் பொறுப்பு.

"என்னங்க, எப்படி இருக்கு?"

"மறுகால் பாஞ்சிருக்கு."

மகனுக்கு நாலு வயது. பகலில் அவனைக் குறை சொல்ல முடியாது. "ஒண்ணுக்கு வருது" என்று அறிவித்துவிட்டு, டவுசரைத் தானே கழற்றி எறிந்துவிட்டு பொறவாசலுக்கு ஓடுவான். ராத்திரி கண்ணை மூடினால் கதையே வேறு. வயிற்றுக்குள் நடப்பதற்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

இதை அவனும் நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டது தெரு. "இன்னுமா டயப்பர் மாட்டுதீய?" என்று கேட்காமல் எங்கள் வாசலை ஒருவரும் தாண்டுவதில்லை. மாவு அரைக்கப் போன இடத்தில் மனைவியிடம் கேட்கிறார்கள். முடிவெட்டப் போன இடத்தில் என்னிடம் கேட்கிறார்கள். பால்காரர் மட்டும் கேட்பதில்லை. அவருக்குத் தண்ணீரைப் பற்றிய பேச்சே ஆகாது.

எல்லோரையும்விட என் அம்மாவுக்குத்தான் மனத்தாங்கல். "நான் அஞ்சு பெத்தேன். ஒண்ணுக்காவது இந்தப் பையக் கட்டிவிட்டேனா? ஒண்ணரை வயசுல எல்லாம் நின்னுட்டு." அம்மா சொல்லும்போது மறுக்கத் தோன்றாது. ஆனால் அந்த நாளைய ஏற்பாட்டைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பட்டாசல் உத்தரத்தில் சேலைத் தூளி. பிள்ளை பெய்தால் சேலை வழியாகச் சொட்டித் தரைக்கு வந்துவிடும். தரையைத் துடைத்துவிட்டால் சாட்சி அழிந்தது. தூளியை விட்டு இறங்கியபின் பாய். நாலைந்து பிள்ளைகள் வரிசையாக ஒரே பாயில் படுத்திருந்தால், விடிந்ததும் பாய் நனைந்திருப்பது தெரியும், நனைத்தது யார் என்று தெரியாது. வழக்கு அத்தோடு தள்ளுபடி.

பாயும் லேசுப்பட்ட பாயில்லை. கீழே போனால் பத்தமடை. அங்கே கோரையைக் கீறி ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டுத்தான் பாய்க்கு எடுப்பார்கள். தண்ணீரில் கிடந்து வந்த பொருளுக்கு இன்னொரு நனைப்பு என்ன பெரிய விஷயம்? வெயிலில் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். துணியை அலச ஆறு இருந்தது. கணக்கு எழுத ஆள்தான் இல்லை. டயப்பர் வந்த பிறகுதான் ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு சாட்சியம், மூட்டையாக, கைக்குக் கிடைக்கிறது.

ஆண்கள் பங்கும் அந்தக் காலத்தில் உண்டு. பாபநாசத்தில் விழும் தண்ணீரின் விசையில் நூல் நூற்கலாம் என்று 1880களில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹார்வி சகோதரர்கள் மில் போட்டார்கள். அந்த மில்லைச் சுற்றி வளர்ந்தது எங்கள் ஊர். நடுச்சாமத்தில் ஷிப்ட் முடித்து வருகிற அப்பாக்கள், சைக்கிளைச் சாத்திவிட்டு, தூங்குகிற பிள்ளையைத் தோளில் தூக்கிப்போய் முற்றத்து ஓரத்தில் நிறுத்துவார்கள். பிள்ளை கண்ணைத் திறக்காமலே காரியத்தை முடித்துவிட்டு வரும். நானும் இதைச் செய்து பார்த்தேன். பாய் காய்ந்திருந்தது, உண்மை. ஆனால் பிரிட்டனில் 2010இல் வந்த மருத்துவ வழிகாட்டுதல், அப்படித் தூக்கிப்போவதால் அன்றைய படுக்கை தப்பிக்குமே தவிர, பிள்ளைக்குப் பழக்கம் வந்துவிடாது என்கிறது. விழித்து நடந்தது அப்பா. பழகியதும் அப்பாதான்.

வைத்தியத்துக்குக் குறைச்சல் இல்லை. ஒருத்தி எள்ளுருண்டை கொடுக்கச் சொன்னாள். பிள்ளை எள்ளுருண்டையை ஆசையாகச் சாப்பிட்டான், ராத்திரி வழக்கப்படி நடந்தது. ஒருவர் துன்னூறு மந்திரித்துக் கொடுத்தார். நெற்றியில் இருந்தது காய்ந்திருந்தது, கீழே நிலவரம் மாறவில்லை. கார்த்திகைக்குச் சொக்கப்பனை பக்கம் போனதால்தான் இப்படி என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார். தீயோடு விளையாடினால் பாயை நனைப்பான் என்பது அவர் கட்சி. "ஆறு மணிக்கு மேல சொட்டுத் தண்ணி குடுக்காதீய" என்று எதிர்வீட்டு மதினி. தாமிரபரணிக் கரையில் பிறந்த பிள்ளைக்குத் தண்ணீர்த் தடை! திருநெல்வேலி அல்வாவின் ருசிக்கே இந்தத் தண்ணீர்தான் காரணம் என்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டு, வீட்டுப் பிள்ளைக்கு இல்லை என்றால் எப்படி? பகலெல்லாம் நன்றாகக் குடிக்க விடுங்கள், படுக்கிற நேரத்தில் மட்டும் சொம்பைக் கவிழ்க்க வேண்டாம் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது.

உள்ளே நடப்பது இதுதான். ராத்திரியானால் மூளையிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரக்க வேண்டும். அது சிறுநீரகத்திடம் 'கொஞ்சம் மெதுவாக' என்று சொல்லும். சில பிள்ளைகளுக்கு அந்த உத்தரவு வர வருஷங்கள் ஆகும். அடுத்தது சிறுநீர்ப்பையின் அளவு. வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் எத்தனை மில்லி பிடிக்கும் என்று உத்தேசமாகத் தெரியும். நாலு வயதுக்கு 150 மில்லி. மூன்றாவது, பை நிறைந்ததும் தூக்கத்தைக் கலைக்கும் விழிப்பு. ஆக, வரத்து குறையவில்லை, கொள்ளளவு சின்னது, மதகுக் காவல்காரன் தூங்குகிறான். இந்த மூன்றில் எதையும் திட்டியோ கெஞ்சியோ சரிசெய்ய முடியாது. பகலில் போகப் பழக்கலாம். ராத்திரிக்குப் பழக்கம் என்று ஒன்று கிடையாது, வளர்ச்சிதான். இதோடு மலச்சிக்கலும் சேர்ந்தால் குடல் பையை அழுத்தி இன்னும் சிக்கலாக்கும். அதனால் எள்ளுருண்டையைவிடக் கீரைக்கும் வாழைப்பழத்துக்கும் பலன் உண்டு.

பிள்ளை தயாராகும்வரை காத்திருங்கள் என்று பெரிதாகச் சொன்னவர் பிரேசில்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர். பாம்பர்ஸ் சந்தைக்கு வந்தது 1961. அவருடைய கட்டுரை வந்தது 1962. பிறகு 1998இல் அதே கம்பெனியின் பெரிய சைஸ் டயப்பர் விளம்பரத்தில் அவரே தோன்றினார். இதை மனைவியிடம் சொன்னேன். "காத்திருக்கச் சொன்னவரு யாருக்காகக் காத்திருக்கச் சொன்னாருன்னு இப்பம் புரியுது" என்றாள். அவள் சந்தேகம் நியாயம்தான். ஆனால் ராத்திரி விஷயத்தில் விளம்பரக்காரர் சொன்னாலும் சரி, சித்த வைத்தியர் சொன்னாலும் சரி, உடம்பு தன் நாளில்தான் கேட்கும்.

இதற்கு ஒரு மணியும் உண்டு. 1904இல் ஃபவுண்ட்லர் என்ற மருத்துவர், பிள்ளை நனைத்தால் நர்சுக்குத் தெரியட்டும் என்று மணி அடிக்கிற கருவி ஒன்றை வைத்தார். நர்ஸ் வருவது இருக்கட்டும், நாளாக ஆகப் பிள்ளைகளே நனைப்பதை நிறுத்தியதைக் கண்டார். இன்றும் ஐந்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கு அந்த வழி பலன் தருகிறது. ஆனால் முதலில் மணிக்கு எழுவது அப்பாவும் அம்மாவும்தான். பிள்ளை அசையாது. தட்டி எழுப்புகிற வேலையும் நமக்கே.

அம்மாவின் ஒண்ணரை வயசுக் கணக்கு உடைந்தது ஒரு கோயில் கொடையின்போது. வந்திருந்த பெரியம்மை, டயப்பரைப் பார்த்ததும் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "இவன் அப்பன் ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போதுகூட எங்க வீட்டுப் பட்டுப்பாயை நனைச்சான்லா!" அம்மா சட்டென்று காப்பி போட எழுந்துவிட்டாள். அப்பா அம்மா இருவருக்கும் அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் பிள்ளைக்கு வர வாய்ப்பு 15 சதவீதம், ஒருவருக்கு இருந்தால் 44, இருவருக்கும் இருந்தால் 77 என்பது ஆய்வுக் கணக்கு. பட்டா இல்லாமலே கைமாறுகிற பரம்பரைச் சொத்து! "அப்பம் இது உங்க வீட்டுச் சொத்துதான்" என்று மனைவி எழுதிக் கொடுக்கத் தயாரானாள். எதற்கும் இருக்கட்டும் என்று கல்லிடைக்குறிச்சிக்கு ஃபோன் போட்டு மாமியாரிடம் கேட்டேன். "அதெல்லாம் இப்பம் எதுக்கு மாப்பிள்ளை? மழை எப்படி அங்க?" என்றார்கள். 77 சதவீதம் என்று குறித்துக்கொண்டேன்.

ஆகவே, டயப்பரை எப்போது நிறுத்துவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. தொடர்ந்து ஒரு வாரம்போலக் காலையில் டயப்பர் காய்ந்து கிடந்தால் கழற்றுங்கள். ராத்திரி தானாக எழுந்து கேட்டாலும், 'எனக்கு வேண்டாம்' என்று பிள்ளையே சொன்னாலும் கழற்றிப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் திரும்ப மாட்டுங்கள், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. ஐந்து வயதுவரை மருத்துவர்கள் இதை நோய் என்றே சொல்வதில்லை. ஐந்து வயதிலும் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் நனைக்கிறார்கள், பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகள் அதிகம். அவர்களிலும் வருஷத்துக்கு ஏறக்குறைய ஏழில் ஒருவருக்குத் தானாக நின்றுவிடும். ஆறு மாதம் நனைக்காமல் இருந்த பிள்ளை திரும்ப ஆரம்பித்தாலோ, ஓயாமல் தாகம் எடுத்தாலோ, எரிச்சல் இருந்தாலோ, பெரிய பிள்ளையான பிறகும் பகலிலும் சொட்டினாலோ தெருவைக் கேட்காமல் மருத்துவரிடம் போங்கள்.

மற்றபடி அடிக்காதீர்கள், வந்தவர்கள் முன்னால் பிள்ளையின் மானத்தை வாங்காதீர்கள். ஒரு நல்ல ரப்பர் ஷீட் வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். 'எங்க பிள்ளை ஒண்ணரை வயசுலயே நிறுத்திட்டு' என்று யாராவது சொன்னால், அவர்கள் வீட்டுப் பொறவாசல் கொடியில் காலையில் என்ன காய்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் நம்புங்கள்.