நெய்யாற்றில் ஒரு ரைன் யாத்திரை

ரைன் நதியில் கப்பலேறிக் கொலோன் நகரில் இறங்கி, கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னே மந்தையாய் நடந்து, 1248-இல் தொடங்கி 1880-இல் முடிந்த தேவாலயத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, கப்பலில் மத்தியானப் போஜனம் ஆறிவிடுமே என்ற விசாரத்தோடு திரும்பி ஓடுவதே சரித்திர ஞானம் என்று கருதும் சீமான்களுக்குப் பாறசாலைக்காரர்களாகிய நாங்கள் சற்றும் சளைத்தவர்கள் அல்லோம். எங்களுக்கும் நதி உண்டு, நெய்யாறு. பூவாற்றில் படகேறினால், ஓட்டுபவர் அலையாத்திப் புதர்களிடையே புகுந்து, நதி அரபிக்கடலோடு சங்கமமாகும் மணல்திட்டைக் காட்டி, ஆனைப்பாறை என்று ஒரு கல்லைச் சுட்டுவார். அதில் ஆனை தெரியாதவன் கொடுத்த கட்டணத்துக்கு அருகதையற்றவன்.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலிலோ, மார்த்தாண்டவர்மா பகைவருக்குத் தப்பி ஒளிந்ததாகச் சொல்லப்படும் பொந்துடைய பலாமரம், அம்மச்சிப் பிலாவு என்ற பெயரோடு, பட்டுப்போன பின்னும் ராஜமரியாதை பெற்று நிற்கிறது. அதன் முன்னே தங்களைத் தாங்களே படமெடுத்துக்கொள்ளும் யாத்ரிகர்கள் பொந்தை மறைத்து நிற்கும் நேர்த்தியைப் பார்த்தால், மன்னர் இன்றும் உள்ளேயே இருந்தாலும் பகைவர் கண்ணில் படமாட்டார்.

அருவிப்புறத்தில் 1888-ஆம் ஆண்டுச் சிவராத்திரியன்று நாராயண குரு இதே ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். ஜெர்மானியருக்கு 600 ஆண்டுகளுக்கு மேல் பிடித்த காரியம் இங்கே ஓரிரவில் ஆயிற்று. அதிகாரஸ்தர்களிடம் அனுமதி கேட்டிருந்தால் நமக்கும் அவ்வளவு காலம் பிடித்திருக்கும். ஆனால் உல்லாசிகளில் பெரும்பாலோர் அவ்வளவு தூரம் போவதில்லை. மிதக்கும் ஓட்டல் பூவாற்றில் அல்லவா இருக்கிறது!