பூட்டிய வீடு நீர் அருந்துமா? ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

தென்சென்னையில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், நாற்பது வயதான வீடு ஒன்று ஆறு மாதமாகப் பழுது பார்க்கப்படுகிறது. குடியிருந்த நால்வரும் இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போய்விட்டார்கள். சமையலறையில் மேடை இல்லை. குளியலறையில் குழாய் இல்லை. வாசலில் கதவே இல்லை, நிலைப்படியில் ஒரு தகரம் சார்த்தியிருக்கிறது. இந்தக் கோலத்தில் கிடக்கும் வீட்டுக்கு அரையாண்டுத் தண்ணீர் வரியும் கட்டணமும் செலுத்தும்படி கைப்பேசிக்குச் செய்தி வந்தது. குடிக்க வாய் இல்லாத வீட்டுக்குக் குடிநீர்க் கட்டணம் தகுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

ஆய்வாளரும் வீட்டுக்காரரும் ஒருவரே. நடுநிலை சற்றுக் குறையலாம். வாடகையும் கட்டி, கொத்தனார் கூலியும் கொடுத்துக்கொண்டிருப்பவரிடம் அதற்கு மேல் நடுநிலையை எதிர்பார்ப்பது பாவம்.

2. சொல்லாய்வு

'காலி வீடு' என்ற தொடரில் வீடு தமிழ். காலி அரபியிலிருந்து வந்தது. பாக்கியும் அங்கிருந்து வந்ததே. வசூலும் அப்படித்தான். மூன்றும் ஒரே ஊர்க்காரர்கள் ஆனதால், ஒன்று குடியேறிய இடத்துக்கு மற்ற இரண்டும் விலாசம் விசாரித்து வந்துவிடுகின்றன. வீடு காலியானது; பாக்கி வந்தது; பின்னாலேயே வசூலும் வந்தது.

வீடு என்பதற்கு விடுதலை என்றும் பொருள் உண்டு. பழுது வேலை தொடங்கியவருக்கு அது பொருந்தாது என்பதால் இங்கே விடப்பட்டது.

3. முன்னோர் கொள்கைகள்

இப்பொருளில் இரண்டு மரபுகள் உண்டு. முதலாவது மாமனார் மரபு. "தண்ணிக்கு யாரு மாப்பிள்ளை காசு கேட்டா? லைன் இருக்குதில்ல? லைனுக்குத்தான் வரி" என்பது அவர் சூத்திரம். லைன் என்ற சொல்லுக்குத் தமிழ் வரி. லைனுக்கு வரி என்றால் வரிக்கு வரி. இலக்கணத்தில் இது கூறியது கூறல் என்னும் குற்றம். வரவு செலவில் குற்றமாகாது போலும்.

இரண்டாவது பிளம்பர் மரபு. "அப்ப லைனையே கட் பண்ணிடலாமா சார்? ஒரு நாள் வேலை. திரும்பக் குடுக்கத்தான் ரோட்டை வெட்டணும்" என்றார். ரோட்டை வெட்ட வேண்டுமென்றால் அதற்கு ஒரு மனு, அதற்கு ஒரு கட்டணம். ஆய்வாளர் மாமனார் மரபுக்குத் திரும்பினார்.

4. மூலநூற் சான்று

சென்னைக் குடிநீர் வாரியத்துக்கு மூலநூல் 1978ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டுக்காரர் அதற்குத் தருவது இரு வகை. ஒன்று வரி: தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் சேர்த்து வீட்டின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். மற்றது கட்டணம்: மீட்டர் இல்லாத வீட்டுக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. முன்னது வீட்டை அளக்கிறது. பின்னது நாள்காட்டியை அளக்கிறது. தண்ணீரை அளக்கும் வேலை இரண்டுக்கும் இல்லை.

இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கம் வந்தது. அப்போது பல வீடுகளில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வரி என்னவோ வழக்கம்போல் வந்தது. தண்ணீர் வராத குழாய்க்கு வரி உண்டென்றால், தண்ணீர் வேண்டாத வீட்டுக்கும் உண்டு என்பது பெறப்படும்.

மேலும் ஒரு நுட்பம். மாடியில் ஓர் அறை எழுப்பினால் ஆண்டு மதிப்பு கூடும், மதிப்பு கூடினால் தண்ணீர் வரி கூடும், தண்ணீர் கூடாது. இந்த வீட்டில் மாடியில் ஓர் அறை எழும்பிக்கொண்டிருக்கிறது.

5. கள ஆய்வு

இதுவரை நியாயம் ஆய்வாளர் பக்கம் இருந்தது. அதைக் கெடுத்தது கள ஆய்வு.

ஒரு நாள் காலை ஏழு மணிக்குச் சம்ப் மூடியைத் திறந்து பார்த்தபோது 3,000 லிட்டரும் தளும்பி நின்றது. மாலை ஐந்துக்குத் திறந்தால் அடியில் ஃபுட் வால்வு பல்லை இளித்தது. குடித்தது யார்?

முதல் ஐயம் செங்கல் மேல் விழுந்தது. தொட்டியில் அமிழ்த்தியதும் அது ஒரு கணம் சும்மா கிடக்கும். பிறகு 'சுர்ர்' என்று மெல்லிய ஓசை. நான்கு பக்கத்திலிருந்தும் குமிழிகள் சரம் சரமாக மேலேறும். குமிழி நின்றால் வயிறு நிறைந்தது, எடுத்துவிடலாம் என்றார் சித்தாள் அக்கா. "தண்ணி காட்டாம வச்சா கலவையில இருக்கறத இது உறிஞ்சிடும் சார். அப்புறம் சுவரு பிடிக்காது." 24 மணி நேரம் ஊறினாலும் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் குடிக்கலாகாது என்பது இந்தியத் தர விதி. 3 கிலோ கல்லுக்கு 600 மில்லி. ஆயிரம் கல் ஊறினால் 600 லிட்டர் வரை போகும்.

அடுத்தது மாடித் தளம். 10க்கு 20 அடி. மேஸ்திரி அதன் மேல் சிமென்ட்டால் வரப்பு கட்டி, வயலுக்குப் பாய்ச்சுவதுபோல் 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தியிருந்தார். அது 940 லிட்டர். ஒரு நாளோடு விடுவதில்லை. கான்கிரீட் இறுகுவதற்கு ஏழிலிருந்து பத்து நாள் ஈரம் காயக் கூடாது. மூன்றாவது குளியலறைப் பள்ளம். ஒழுக்கு பார்க்க 8க்கு 5 அடிப் பள்ளத்தில் 9 அங்குலம் நிரப்பியிருந்தார்கள்: 850 லிட்டர்.

மூன்றும் சேர்த்து ஒரே நாளில் 2,390 லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது அரசு வகுத்த அளவு, நால்வருக்கு 540. அதாவது, நாங்கள் நாலு நாளுக்கு மேல் குடித்து, குளித்து, துவைத்துத் தீர்க்கவேண்டியதை வீடு ஒரே நாளில் குடித்திருக்கிறது. சட்டி கழுவியது, கலவைக்கு ஊற்றியது, பக்கத்து வீட்டு மாமியின் துளசிக்குப் போன ஒரு குடம் ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை.

6. ஒரு தடைவிடை

'பின்பக்கம் போர் இருக்கிறதே, அந்தத் தண்ணீர் ஆகாதா?' எனில், ஆகாது என்பார் மேஸ்திரி. "கடலோரம் சார். உப்பு. கம்பி துரு ஏறி, பத்து வருஷத்துல தளம் பொரிஞ்சு விழும்." கட்டுமானத் தர விதியும் அவர் கட்சியே. கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு ஊற்றும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குடிக்கத் தகுந்த நீர் பொதுவாகக் கலவைக்கும் தகும் என்கிறது அது.

எனவே ஆறு மாதமாக நடந்தது இதுதான்: வாடகை வீட்டில் நாங்கள் உப்புத் தண்ணீரில் குளித்தோம், சொந்த வீடு நல்ல தண்ணீர் குடித்தது.

7. முடிவுரை

கள ஆய்வுக்கு முன்பே எழுதி வைத்திருந்த மனுவை வீணாக்க மனமில்லாமல் ஆய்வாளர் அதை எடுத்துக்கொண்டு வசூல் கவுண்டருக்குப் போனார். 'ஆறு மாதமாக ஒரு சொட்டு நீரும் பயன்படுத்தப்படவில்லை' என்ற வரிக்கு அடிக்கோடு இட்டிருந்தது. உள்ளே இருந்த அம்மா அதைப் பொறுமையாகப் படித்தார்.

"வேலை நடக்குதுங்களா?"

"ஆமாங்க. போன வாரம்தான் தளம் போட்டோம்."

"நல்லது. எந்தத் தண்ணில போட்டீங்க?"

ஆய்வாளர் மனுவைத் திரும்ப வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அதே பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தார். ரசீது வந்தது. 'நுகர்வோர்' என்ற இடத்தில் ஆய்வாளரின் பெயர் அச்சாகியிருந்தது. அந்த ரசீதில் இருந்த பிழை அது ஒன்றுதான்.