தோளில் ஒரு விலாசம்

கேள்வி: லண்டன் பழம்பொருள் சந்தையில் வாங்கிய பித்தளை வில்லையில் மேலே ‘டி’, நடுவே ‘4’, கீழே ‘நார்ஃபோக்’ என்றிருக்கிறது. என்ன இது?

பதில்: பிரிட்டிஷ் சிப்பாயின் தோள்பட்டைச் சின்னம். மேலிருந்து கீழே படியுங்கள்: ‘டி’ என்றால் 1908-இல் உருவான ‘டெரிட்டோரியல்’ என்ற பகுதிநேரப் படை, ‘4’ பட்டாலியன் எண், கீழே ரெஜிமென்ட் பெயர். ஆக, நார்ஃபோக் ரெஜிமென்டின் 4-ஆவது பட்டாலியன். எண்ணுக்குப் பதில் ‘ஒய்’ இருந்தால் ஆள் குதிரையேறிவிட்டார்: யோமன்ரி என்ற குதிரைப்படை!

பின்பக்கமும் பாருங்கள். தோள்பட்டைத் துணியில் நுழைத்து ஊசியால் பூட்டுவதற்கான வளையங்கள் இருக்கும். எழுத்தின் விளிம்பு மழுங்கியிருந்தால் வருந்தாதீர்கள். சிப்பாய் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய உழைப்பு அது. அவர் தேய்க்காவிட்டால் தண்டனை. நீங்கள் தேய்த்தால் வரலாற்றுக்குத் தண்டனை!