கொடைக்கானல் குருவிக்கு எவ்வளவு நீள லென்ஸ்?

கேள்வி: கொடைக்கானலில் பறவைப் படம் எடுக்க 600 மி.மீ. ஜூம் லென்ஸ் இல்லாமல் முடியாதா? வீட்டில் முறைக்கிறார்கள். (வாசகர், வத்தலக்குண்டு)

பதில்: முறைப்பில் நியாயம் இருக்கிறது. பழனிச் சிரிப்பானும் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளியும் வெட்டவெளியில் போஸ் கொடுப்பவை அல்ல. சோலைக்காட்டுப் புதருக்குள், பொறுமையாக நிற்பவருக்குக் கிட்டத்திலேயே தென்படுபவை. அங்கே பஞ்சம் வெளிச்சத்துக்குத்தான். மலிவான 150-600 லென்ஸ்கள் முழுதாக நீட்டினால் ஒளித்துளை எஃப் 6.3-க்குச் சுருங்கும், எடை இரண்டு கிலோவை நெருங்கும். கையில் பிடித்து எடுக்க, லென்ஸ் நீள நீள ஷட்டர் வேகமும் கூட வேண்டும். இருட்டில் அதற்கு எங்கே போவது? கேனனின் 55-250 எஸ்டிஎம் எஃப் 5.6-இல் நிற்கும், எடை 375 கிராம். கேனனின் ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவில் 400 மி.மீ. பார்வையைத் தரும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் இன்னும் மலிவு.

‘கோக்கர்ஸ் வாக்கிலிருந்து பள்ளத்தாக்கில் வட்டமிடும் கழுகை எடுக்க?’ என்பீர்கள். அதற்கு 600 உதவும், மறுக்கவில்லை. அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். ஆனால் நடுவே மூடுபனி ஏறிவிட்டால் எந்த லென்ஸும் பனியைத்தான் பெரிதாக்கிக் காட்டும். ‘ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே?’ அது உங்கள் கைநடுக்கத்தை அடக்கும். குருவியின் துள்ளலையோ வீட்டாரின் கோபத்தையோ அடக்காது.