சலூனுக்குப் போன அப்போஸ்தலர்

ஞாயிறு காலை தெஹிவளைச் சந்தியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஆக்களின் உடுப்பை வைத்தே யார் எந்தச் சபைக்குப் போகிறார் என்று சொல்லிவிடலாம். கோட்டும் டையும் போட்டு வியர்வையில் ஊறிக்கொண்டு நிற்பவர் ஒரு ரகம். கிழிந்த ஜீன்ஸும் முதுகில் கிற்றாரும் இன்னொரு ரகம். தலை முதல் கால் வரை வெள்ளை, கழுத்தில் குண்டுமணித் தங்கம் இல்லை என்றால் விசாரிக்கவே தேவையில்லை. கையில் இருக்கும் புத்தகம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதைப் படித்துவிட்டுத்தான் ஆளுக்கொரு அலுமாரியைத் திறந்திருக்கிறார்கள்!

இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் பவுல். (பிள்ளையாரும் பவுலும் என்னை மன்னிக்கட்டும்.) நல்ல மனிதர், கூடாரம் செய்து விற்றுச் சொந்தக் காசில் சாப்பிட்டவர். கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில், ஆண் முடி வளர்ப்பது அவமானம், பெண் தலையை மூடாமல் ஜெபிப்பதும் அவமானம் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். ஏனய்யா என்று கேட்டால் தேவதூதர்களைக் கைகாட்டுகிறார். தூதருக்கும் பெண்ணின் தலைக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? வேத அறிஞர்கள் இன்றுவரை அடிபட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை தெளிவாகக் கிடைத்தது சில டாக்டர் பட்டங்கள் மட்டுமே.

இனித்தான் விசேஷம். அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தைத் திறவுங்கள். கொரிந்தில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் தங்கிய பவுல், ஊரைவிட்டுக் கிளம்பும்போது பக்கத்துத் துறைமுகமான கெங்கிரேயாவில் தலைமுடியை வெட்டிக்கொள்கிறார். ஒரு நேர்த்தியாம். நேர்த்தி வைத்தவர் அது முடியும்வரை முடியில் கை வைக்கக் கூடாது என்பது யூத வழக்கம். ஆக, கொரிந்து ஆக்கள் கடைசியாகக் கண்ட பவுல் எப்படி இருந்திருப்பார் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஊர் எல்லையில் சலூனுக்குப் போய்விட்டு, பிறகு அதே ஊருக்கு முடியைப் பற்றிக் கடிதம் போட ஒரு துணிவு வேண்டும்!

அவருக்குப் பின் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? கி.பி. 200 வாக்கில் கார்த்தேஜ் நகரத்தில் தெர்த்துல்லியன் என்றொரு மேதை. பெண்களின் அலங்காரத்தைத் திட்டி ஒரு நூல், முக்காட்டுக்கென்று தனியாக இன்னொரு நூல். முடிச்சாயம், சவுரி, முத்து, தங்கம் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இதே மனுஷன் ஒருநாள் ரோமருடைய தோகாவைக் கழற்றிவிட்டுத் தத்துவவாதிகள் போடும் போர்வைக்கு மாறினார். ஊர் நக்கலடித்தது. உடனே தன் போர்வையின் அருமை பெருமை பற்றி முழுதாக ஒரு நூல் எழுதி வெளியிட்டுவிட்டார்.

அதே காலத்து அலெக்சாந்திரியா கிளமெந்துக்கு வேறு கவலை. சவுரி வைத்த பெண்ணின் தலையில் குருவானவர் கை வைத்து ஆசீர்வதித்தால் அந்த ஆசீர்வாதம் யாருக்குப் போகும்? முடியின் சொந்தக்காரிக்குத்தானே என்கிறார். நியாயமான கேள்வி. இன்றைய ஹெயார் எக்ஸ்டென்ஷன் கணக்கில் பார்த்தால், கொழும்பில் கொடுக்கிற ஆசீர்வாதம் திருப்பதியில் மொட்டை போட்ட யாரோ ஒரு அம்மாவுக்குப் போய்ச் சேரும்.

1105இல் நோர்மண்டியில் செர்லோ என்ற ஆயர் பேச்சோடு நிற்கவில்லை. இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றிக்கு முன்னால் நீண்ட முடியையும் தாடியையும் கிழி கிழியென்று கிழித்துப் பிரசங்கம் வைத்தார். அரசர் உருகிப்போய்ச் சரி என்று தலையாட்டினார். ஆயர் அங்கேயே கத்தரிக்கோலை எடுத்து அரசருக்கு முடி வெட்டிவிட்டார். பிரபுக்கள் எல்லாரும் பின்னால் வரிசை. பிரசங்கத்துக்குப் போகும்போதே கத்தரிக்கோல் கொண்டுபோன ஆளின் விசுவாசத்தை யார் சந்தேகிக்க முடியும்?

நம்முடைய பக்கத்தில் கதை தலைகீழ். 1606இல் ரோமாபுரிப் பிரபு குடும்பத்து இயேசு சபைக் குரு ரொபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசக் குருவானவர் பத்து வருஷத்துக்கு மேலாக இருந்தும் மதுரைக்காரர் ஒருவரும் மனந்திரும்பவில்லை. நொபிலி யோசித்தார். கறுப்பு அங்கி போயிற்று, தோல் சப்பாத்து போயிற்று. காவி வந்தது, மரப்பாதுகை வந்தது, தலையில் குடுமி, மார்பில் நூல், நெற்றியில் சந்தனம். சாப்பாடு சுத்த சைவம். பெயரும் தத்துவபோதகர் ஆயிற்று. கோர்ப்பரேட் ஆக்கள் ரீபிராண்டிங் என்று சொல்லிக் கோடி கோடியாகப் பில் போடுகிற வேலையை மனுஷன் ஒரு முழக் காவியில் முடித்துவிட்டார்.

பெர்னாண்டஸுக்கு வயிறு எரிந்தது. மேலிடத்துக்குப் பெட்டிஷன் போனது. 1619இல் கோவாவில் மாநாடு, பிறகு ரோமில் விசாரணை. ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் பற்றி எரிந்துகொண்டிருக்கையில், கர்தினால்மார் உட்கார்ந்து மதுரைக் குடுமியை அலசினார்கள். 1623 ஜனவரி 31இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் தீர்ப்புச் சொன்னார்: குடுமி வைக்கலாம், நூல் போடலாம், சந்தனம் பூசலாம், மூடநம்பிக்கை மட்டும் கலக்கக் கூடாது. ரோமாபுரி ஒப்புதல் பெற்ற குடுமி! தமிழ்நாட்டில் வேறு எந்தத் தலைமுடிக்கும் இந்த மரியாதை கிடைத்ததாக எனக்குத் தெரியாது.

சர்ச்சை அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தால் நீங்கள் புரட்டஸ்தாந்து மிஷனரிமாரை அறியாதவர். இருநூறு வருஷம் கழித்து, குடுமி புறமத அடையாளம், வெட்டு என்று அவர்கள் பழைய ஃபைலைத் தூசி தட்டினார்கள். ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ எழுதிய அதே கால்டுவெல், குடுமி வெறும் நாட்டு வழக்கம், சமயச் சின்னம் அல்ல என்று அதற்காகவும் பேனா பிடிக்கவேண்டி வந்தது. பெரிய மூளைக்கும் சின்ன வேலைகள் வந்து சேரும்.

கொழும்புக்கு வருவோம். 1656இல் கொழும்புக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தருக்குப் பெரிய தலைவலி, கத்தோலிக்கரின் போர்த்துக்கீச மொழி. கோட்டை கைக்கு வந்தது, குசினி வரவில்லை. அடிமைகளும் ஆயாக்களும் போர்த்துக்கீசம்தான் கதைத்தார்கள். 1659இல் உத்தரவு பிறந்தது: டச்சு தெரியாத அடிமையின் தலையை மழித்துவிடு. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழிக்கப்பட்டவர்களுக்கும் வந்திருக்காது. ஆனால் முடிவைக் கேளுங்கள். கொஞ்சக் காலத்தில் ஒல்லாந்தச் சீமாட்டிகளே வீட்டுக்குள் போர்த்துக்கீசம் பேசத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுடைய தலையில் கை வைக்க எந்தத் தேசாதிபதிக்குத் துணிச்சல்?

அடுத்த நூற்றாண்டில் கொட்டாஞ்சேனைப் பக்கம் வொல்வெண்டால் தேவாலயம் எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளே எளிமையைப் போதிக்கிற திருச்சபை. வெளியே அந்தச் சபையின் மக்கள் போட்ட பகட்டு தாங்காமல், 1754இல் தலைமையகமான பத்தாவியாவிலிருந்து ஒல்லாந்தக் கம்பனி ஒரு சட்டமே போட்டது: எந்தப் பதவிக்காரர் குடை பிடிக்கலாம், எவருடைய மனைவி எவ்வளவு நகை போடலாம், எத்தனை அடிமைகள் பின்னால் வரலாம். வேதம் எல்லாருக்கும் நகை வேண்டாம் என்றது. கம்பனி, மேலதிகாரியின் மனைவியைவிடக் கூட வேண்டாம் என்றது.

இதே ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்திருந்த காலத்தில்தான், 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற குருவானவர் கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். கந்தலும் வெறுங்காலும், கழுத்தில் ஒரு செபமாலையும். ஐரோப்பியர் அங்கியால் செய்ய முடியாததை அவர் அங்கி இல்லாமல் செய்து முடித்தார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினார். இப்போது படங்களைப் பாருங்கள்: இஸ்திரி போட்ட கறுப்பு அங்கியில் பளிச்சென்று நிற்கிறார். புனிதராகிவிட்டால் டிரெஸ் கோட் கட்டாயம்.

பிறகு வந்தது உச்சக்கட்டம். 1882இல் பம்பாயில் இரட்சணிய சேனையைத் தொடங்கிய டக்கர், சிவில் சேர்விஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு வந்த வெள்ளைக்காரர். காவி, தலைப்பாகை, வெறுங்கால், பெயர் பக்கீர் சிங். அடுத்த வருஷமே சேனை இலங்கைக்கும் வந்தது. அந்தக் காலத்து நம்முடைய கிறிஸ்தவக் கனவான்களோ கழுசான், கோட்டு, சப்பாத்து, தொப்பி. கோட்டுப் போட்ட தமிழர், காவி கட்டிய துரையைப் பார்த்து, ‘இந்த மனுஷனுக்கு ஏன் இந்த வேலை?’ என்று நினைத்திருப்பார். துரையும் அதையேதான் நினைத்திருப்பார்.

தெஹிவளைச் சந்தியின் அந்த வெள்ளை உடுப்பு நம்முடைய சொந்தத் தயாரிப்பு. 1920களில் கேரளத்துக்காரரான பாஸ்டர் போல் கொழும்பில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார். வெள்ளை உடுப்பு, நகை கிடையாது, மருந்தும் கிடையாது. கொழும்பிலிருந்து கிளம்பிய அந்த வெள்ளை தமிழ்நாட்டையும் தாண்டிப் போயிற்று. அந்தச் சகோதரிமாரைக் கண்டால் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. சங்கிலி அறுக்கிறவன் மோட்டார் சைக்கிளில் வந்தாலும் காலி வீதியில் நிம்மதியாக நடக்கக்கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன்: நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாத அந்தச் சாறிகளில், எவருடைய வெள்ளை கூடுதல் வெள்ளை என்று ஓரக்கண் ஒன்று ஓடத்தான் செய்கிறது.

கத்தோலிக்கரும் தப்பவில்லை. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், பெண்கள் கோயிலுக்குள் தலையை மூடவேண்டும் என்று எழுத்தில் போட்டது. முக்காட்டை மறந்துவிட்டு வந்தவர் லேஞ்சியைத் தலையில் குத்திக்கொண்டாலும் சட்டத்துக்குத் திருப்தி. 1983இல் புதிய சட்டம் வந்தபோது அந்த வரியைக் காணவில்லை. தேவதூதர்களிடம் யாராவது கேட்டார்களா தெரியாது.

இதையெல்லாம் சொன்னால், ‘கடவுள் முகத்தைப் பார்ப்பதில்லை, இருதயத்தைத்தான் பார்க்கிறார்’ என்று யாராவது ஒரு போதகர் என்னை மடக்குவார். சரிதான், முதலாம் சாமுவேல் 16ஆம் அதிகாரம், 7ஆம் வசனம். அங்கேயே நிறுத்திவிடாமல் இன்னும் ஐந்து வசனம் படியுங்கள். தாவீது உள்ளே வருகிறான். உடனே எழுதியவர், பெடியன் சிவந்த நிறம், அழகான கண், பார்க்க நல்ல லட்சணம் என்று குறித்து வைக்கிறார்.